கடைசி உதையும் கால்ராசியும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் அமெரிக்கக் கால்பந்தாட்டம். பந்தாட்டத்தில் பகுத்தறிவுக்கு என்ன வேலையென்று சிலர் கேட்கலாம். ஒரு மனிதனைத் தைரியசாலியென்றோ கோழையென்றோ தீர்ப்புச் சொல்லுகிற இடத்திலெல்லாம் பகுத்தறிவுக்கு வேலை உண்டு என்பதே என் பதில்.

அது நாம் ஆடும் கால்பந்து அல்ல. நீள்வட்டப் பந்தைக் கையிலேந்தி ஓடுவதும் எறிவதுமே அதில் அதிகம். பந்தை உதைப்பதற்கென்றே அணிக்கொருவர் தனியாக உண்டு. 18½ அடி இடைவெளியுள்ள இரு கம்பங்களுக்கு நடுவே, 10 அடி உயரக் குறுக்குச் சட்டத்துக்கு மேலாக அவர் உதைத்தனுப்பினால் 3 புள்ளிகள். ஆட்டத்தில் பெரும்பகுதி ஓரத்தில் காத்திருப்பவரைக் கடைசி வினாடியில் கூப்பிட்டு, ஒரே உதையில் வெற்றி தோல்வியைத் தீர்க்கச் சொல்லுகிறார்கள். அந்த ஒன்றைக் கொண்டே ஜனங்கள் அவருக்கு ஆயுளுக்கும் பட்டங்கட்டி விடுகிறார்கள்.

இது நியாயமா? 1991 ஜனவரியில் நடந்த இறுதி ஆட்டத்தில் பபலோ அணியின் ஸ்காட் நார்வுட் கடைசி நேரத்தில் 47 கஜத்திலிருந்து உதைத்தார். பந்து வலப்புறம் விலகியது. அணி 20க்கு 19 என்று தோற்றது. அந்நாளில் அது தேர்ந்தவர்களே பலமுறை தவறவிட்ட தூரம். ஆனால் தூரத்தை மறந்தார்கள். மனிதனை மட்டும் மறக்கவில்லை. பபலோ நகரத்தாரோ மறுநாளே திரண்டு, அவர் பெயரைச் சொல்லியழைத்து ஆரவாரித்தார்கள். அவர்களல்லவோ அறிவாளிகள்!

காரி ஆண்டர்சன் என்பவர் மினசோட்டா அணிக்காக 1998ஆம் வருஷத்துப் பருவ ஆட்டங்களில் 35 முறை உதைத்து 35லும் வென்றார். 1999 ஜனவரியில் அட்லாண்டாவுக்கெதிரான முக்கிய ஆட்டத்தில் 38 கஜ உதை ஒன்று தவறியது, அணியும் தோற்றது. 35ஐப் பொய்யாக்க ஒன்று போதுமானால், அது என்ன கணக்கு?

நெஞ்சுரத்துக்கு எல்லோரும் எடுத்துக்காட்டுவது ஆடம் வினாட்டியரியை. 2002, 2004 இறுதி ஆட்டங்களில் கடைசி உதையால் வென்று கொடுத்தவர் அவர். ஆனால் அந்த 2004 ஆட்டத்திலேயே முன்னதாக அவர் உதைத்ததில் ஒன்று விலகிப்போயிற்று. இன்னொன்றை எதிரணி தடுத்துவிட்டது. அதையும் சேர்த்தல்லவா சொல்லவேண்டும்?

பத்துக்கு எட்டு வெல்லும் சமமான 32 பேரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு இரண்டு முக்கியமான உதை கொடுத்தால், அவர்களில் ஒருவருக்காவது இரண்டும் தவறுவது எதிர்பார்க்கத்தக்கதே. அவரைக் கோழையென்போம்! நோயாளி பிழைத்தால் வைத்தியரைக் கைராசிக்காரரென்றும், செத்தால் ராசியில்லாதவரென்றும் சொல்லுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

நெருக்கடியில் மனம் பதறாது என்று நான் சொல்லவில்லை. பதறும். எதிரணியார் வேண்டுமென்றே ஆட்டத்தை நிறுத்தி உதைப்பவரைக் காக்கவைப்பதும் அதை நம்பித்தான். ஆனால் பதறினாரா, காற்றடித்ததா, பந்தைப் பின்னே அனுப்பியவரோ தரையில் நிறுத்திப் பிடித்தவரோ பிசகினாரா என்பதை ஓர் உதை எப்படிச் சொல்லும்?

ஆகவே தோழர்களே! தூரம், தரை, காற்று இவற்றோடு பல வருஷத்து உதைகளைச் சேர்த்து எண்ணிப் பாருங்கள். அதற்குப்பின் தீர்ப்புச் சொல்லுங்கள். ஒருவனுடைய பிழைப்பும் பேரும் அதில் இருக்கிறது. எண்ணுவதற்குச் சோம்பற்பட்டு அவன் தலையில் ராசியைக் கட்டாதீர்கள் என்று கூறி முடித்துக்கொள்ளுகிறேன்.