அம்மாவின் சம்மதம் செல்லாது

பெங்களூரு ஒக்கலிபுரத்தில் பல வீடுகளில் பேச்சு தமிழ்தான். ஆஸ்பத்திரியில் நீட்டும் சம்மதப் படிவமோ கன்னடத்தில் இருக்கும், இல்லையென்றால் ஆங்கிலத்தில். நர்ஸ் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

அந்தச் சம்மதம் எவ்வளவு முக்கியம் என்பதை ஒரு வழக்கு காட்டும். 1995. டெல்லியில் 44 வயதுப் பெண்மணி ஒருவருக்கு, பரிசோதனைக்காக மயக்க மருந்து கொடுத்தார்கள். கர்ப்பப்பையை எடுத்துவிடுவதே நல்லது என்று டாக்டருக்குத் தோன்றியது. வெளியே உட்கார்ந்திருந்த அம்மாவிடம் சம்மதம் வாங்கி, சினைப்பைகளோடு சேர்த்து எடுத்தும்விட்டார். மகள் வழக்குப் போட்டார்.

2008 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மகள் வயதுவந்தவர், உயிருக்கு உடனடி ஆபத்தும் இல்லை, மயக்கம் தெளிந்ததும் அவரையே கேட்டிருக்க வேண்டும். அம்மாவின் சம்மதம் செல்லாது. டாக்டருக்கு ஃபீஸ் இல்லை, 25,000 ரூபாய் நஷ்டஈடு வேறு. தொகை சின்னது, தீர்ப்பு பெரிசு!

சிகிச்சையை விளக்க வேண்டியவர் டாக்டர். கையெழுத்து வாங்கும்போது பக்கத்தில் நிற்பவர் பெரும்பாலும் நர்ஸ். நோயாளிக்கு விஷயம் புரியவில்லை என்று தெரிந்தால், படிவத்தை ஓரமாக வைத்துவிட்டு டாக்டரை மறுபடி கூப்பிடுவது நர்ஸின் கடமை. கூச்சப்படாமல் கேளுங்கள்: "எதை எடுக்கப் போறீங்க சிஸ்டர்? எடுக்கலைன்னா என்ன ஆகும்? வேற வழி இருக்கா?" பதில் வரும்வரை பேனாவைத் தொடாதீர்கள்.