செயற்கைக்கோள் வழிகாட்டியும் மோட்டார் சைக்கிள் பயணமும்

(இளம் அலுவலர்களுக்கும் மாணவர்களுக்கும் ஆற்றிய உரையின் ஒரு பகுதி)



நம் நாட்டில் பதிவு பெற்ற ஊர்திகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு இருசக்கர ஊர்திகளே. 2022ஆம் ஆண்டில் சாலை விபத்துகளில் மாண்ட 1,68,491 பேரில், நூற்றுக்கு 44 பேருக்கு மேல் அவற்றில் சென்றவர்கள். ஆகவே, மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் செல்பவர் தம் வழியை எவ்வாறு வகுத்துக்கொள்கிறார் என்பது பொழுதுபோக்கைப் பற்றிய வினா மட்டுமன்று.

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடலாம். செயற்கைக்கோள் நமக்கு வழி சொல்வதில்லை. தான் இருக்கும் இடத்தையும் நேரத்தையுமே அது இடைவிடாது அறிவிக்கிறது. குறைந்தது நான்கு செயற்கைக்கோள்களின் சைகைகளைப் பெற்று, கருவி தன் இருப்பிடத்தைக் கணக்கிடுகிறது. அமெரிக்காவின் ஜி.பி.எஸ். ஆயினும், 2013 ஜூலையில் முதல் செயற்கைக்கோள் ஏவப்பட்ட நமது ‘நாவிக்’ ஆயினும் அடிப்படை ஒன்றே. எங்கே திரும்புவது என்பதைச் சொல்வது கருவியிலுள்ள நிலப்படம். படம் பழையதாயின் வழியும் பழையதே.

மணாலியிலிருந்து லே செல்லும் சாலையை எடுத்துக்கொள்வோம். 2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்ட 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை, இவ்வழியில் 46 கிலோமீட்டரைக் குறைத்தது. அதற்கு முன் வரைந்த படமோ பயணியை ரோதாங் கணவாய்க்கே ஏற்றிவிடும். (சுரங்கத்தினுள் செயற்கைக்கோள் சைகை எட்டாது, கருவி திகைத்தால் பயணியும் திகைக்க வேண்டியதில்லை.)

பாரலாச்சா கணவாயை நெருங்கும்போதுதான் உண்மையான சிக்கல் தொடங்குகிறது. பகல் வெயிலில் பனி உருகுவதால், சாலையைக் குறுக்கிடும் ஓடைகளில் பிற்பகலில் நீர் பெருகும். காலையில் எளிதாகக் கடக்கக்கூடிய ஓடை மாலையில் மோட்டார் சைக்கிளைச் சாய்த்துவிடக்கூடும். கருவியோ தூரத்தையும் சாலையின் வகைக்குரிய வேகத்தையும் கொண்டு நேரம் சொல்கிறது; ஓடையின் நேரம் அதற்குத் தெரியாது. உயரமும் அப்படியே. 4,200 மீட்டருக்கு மேலுள்ள சர்ச்சுவில் முதல் இரவே தங்குவதினும், ஏறத்தாழ 3,100 மீட்டர் உயரத்திலுள்ள கேலாங்கில் தங்கி உடலைப் பழக்கிக்கொள்வது நன்று. தாண்டியில், அடுத்த பெட்ரோல் நிலையம் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று அறிவித்த பலகை பல்லாண்டு நின்றது. தூரம், உயரம், எரிபொருள், ஓடை ஆகிய நான்கையும் சேர்த்து எண்ணிய பின்னரே கருவியைத் தொட வேண்டும் என்பது என் கருத்து.

வழியைக் கருவியில் ஏற்றுவதில் இருவகை உண்டு. சில இடங்களை மட்டும் குறித்துக் கொடுத்தால், இடைப்பட்ட சாலையைக் கருவி தானே தேர்ந்தெடுக்கும்; அதே குறிப்புகளை வேறொரு கருவியில் இட்டால் வேறு சாலை வரலாம். செல்ல வேண்டிய தடம் முழுவதையும் நெருங்கிய புள்ளிகளாகப் பதிந்தால், அது மாறாது. ஆனால் தடம் விலகினால் திரும்பிவரும் வழியை நாமே காண வேண்டும். குழுவாகச் செல்வோர் இரண்டாவதையே கொள்வது நலம். கைபேசித் தொடர்பு இல்லாத நெடும்பகுதிகள் உள்ளமையால் படத்தை முன்னதாகவே கருவியில் சேமித்துக்கொள்ள வேண்டும்.

ஓட்டுநரின் கவனம் சிதறாவண்ணம், வழி அறிவதற்கு மட்டும் கைபேசியைப் பயன்படுத்தலாம் என்று 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தம் கூறுகிறது. குரல்வழிக் குறிப்பு இதற்குப் பொருந்தும். ஓடும்போது திரையைத் தொடுவது பொருந்தாது.

அலுவலர்களாகிய நமக்கும் இதில் பங்குண்டு. 2024 நவம்பரில், உத்தரப் பிரதேசத்தின் பரேலி மாவட்டத்தில் கைபேசி காட்டிய வழியில் சென்ற கார், வெள்ளத்தால் சிதைந்த பாலத்திலிருந்து ஆற்றில் விழுந்து மூவர் இறந்தனர். பாலம் சிதைந்த செய்தி படத்தை எட்டவில்லை. சாலையிலும் போதிய தடுப்பு இல்லை. சாலையை மூடும் ஆணையில் ஊர்ப்பெயரோடு மூடிய பகுதியின் இரு முனைகளுக்கும் உரிய அட்சரேகை, தீர்க்கரேகைகளையும், மூடிய நாளையும் எழுதி, அன்றே பொதுவில் வெளியிட்டால், படம் தயாரிப்போர் எவராயினும் அதைச் சேர்த்துக்கொள்ள இயலும். இதற்குப் புதிய நிதி ஒதுக்கீடு எதுவும் தேவைப்படாது.