ஓட்டு வேண்டாம், கொழுந்து வேண்டும்: பிரஜாவுரிமைச் சட்டங்களின் பொருளாதாரம்



தோழரின் நினைவாக நடக்கும் இந்தச் சொற்பொழிவுக்கு என்னை அழைத்தபோது அமைப்பாளர்கள் ஒரு வேண்டுகோள் வைத்தார்கள். உலகம் முழுக்கக் கட்சிகள் குடியேற்றத்தைப் பற்றி அடித்துக்கொள்கின்றன, வெளியிலிருந்து வந்தவர்களால் பொருளாதாரம் வளர்கிறதா, அழிகிறதா என்று தேர்தலுக்குத் தேர்தல் சண்டை நடக்கிறது, அதைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். அமெரிக்காவைப் பற்றியும் ஐரோப்பாவைப் பற்றியும் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். நம் சேரிகளிலிருந்து போனவர்களையே ‘வந்தேறிகள்’ என்று நிறுத்திவைத்து ஒரு நாட்டின் கட்சிகள் அரை நூற்றாண்டு விவாதித்தன. அந்த நாடு இலங்கை. நான் அங்கிருந்து தொடங்குகிறேன்.

யார் போனார்கள் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் ‘இந்தியத் தமிழர்’ என்ற சொல் அதை மறைத்துவிடுகிறது. திருச்சி, தஞ்சை, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருநெல்வேலி என்று பல பகுதிகளிலிருந்தும் போனார்கள். பெரும்பான்மையோர் பள்ளர், பறையர், சக்கிலியர். பண்ணையடிமை முறையும், அதற்கு மேல் 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சமும் ஊரை விட்டுத் துரத்தின. 1869இல் தொடங்கிய இலை நோய் காப்பித் தோட்டங்களை அழித்தது. அந்த இடத்தில் தேயிலை வந்தது. காப்பிக்குப் பருவத்துக்கு வந்து பருவம் முடிந்ததும் திரும்பிவிடலாம். தேயிலைக் கொழுந்து வருடம் முழுக்கத் துளிர்க்கும். அதனால் ஆளும் வருடம் முழுக்க வேண்டும், குடும்பத்தோடு வேண்டும். பெண்ணின் கை கூடுதலாக வேண்டும். நிரந்தரமாகத் தங்கவைத்தது தேயிலைச் செடிதான். ‘நாடு பிடிக்க வந்தவர்கள்’ என்று பிற்பாடு மேடைகளில் பேசியவர்கள் இந்தச் செடியைப் பற்றிப் பேசியதே இல்லை.

ஊரில் சாதியை விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. ஆள் பிடித்துக்கொண்டுபோன பெரிய கங்காணி பெரும்பாலும் மேல்சாதிக்காரர். தன் ஆட்களில் ஒருவர் வேலைக்கு இறங்கும் ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குத் தோட்ட நிர்வாகம் காசு கொடுத்தது. தொழிலாளியின் கடன் ஒரு காகிதத் துண்டில் எழுதப்பட்டு, வேறு தோட்டத்துக்குப் போனால் அந்தக் கடனும் சேர்ந்தே கைமாறியது. ‘துண்டு முறை’ என்று பெயர். 1921இல்தான் அது சட்டப்படி ஒழிந்தது. பண்ணையார் வீட்டுக் கடன் சீட்டு கடல் தாண்டித் துரை பங்களாவுக்குப் போனது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சொல்லவேண்டும். அதைச் சொல்லாமல் கடந்துபோவது நேர்மையாக இருக்காது. கண்டிச் சிங்களக் கிராமத்து உழவர்களுக்கு உண்மையான குறை இருந்தது. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய நிலச் சட்டம், பத்திரம் காட்ட முடியாத காட்டையும் மேட்டு நிலத்தையும் அரசுக்குச் சொந்தமாக்கியது. அரசு அதைத் தோட்டக்காரர்களுக்கு விற்றது. மாடு மேய்த்த மேடும், சேனைப் பயிர் செய்த காடும் தேயிலையாயின. உழவரின் நிலம் போனது உண்மை. எடுத்தது யார்? லண்டனில் பங்கு வைத்திருந்த கம்பெனிகள், கொழும்பில் உட்கார்ந்திருந்த முகவர் நிறுவனங்கள், அவர்களைப் பார்த்துத் தாங்களும் தோட்டம் வாங்கிய உள்ளூர்ச் செல்வர்கள். ஆனால் உழவர் காலையில் கதவைத் திறந்ததும் கண்ணில் பட்டது லயத்தில் இருந்த தமிழ்த் தொழிலாளி. கோபம் பக்கத்தில் இருப்பவன்மீது திரும்பியது. திருப்பிவிடவும் ஆட்கள் இருந்தார்கள்.

அந்த ஆட்களில் தொழிற்சங்கத் தலைவரும் ஒருவர். ஏ.ஈ.குணசிங்க 1920களில் கொழும்புத் தொழிலாளர்களை இன வேறுபாடு பார்க்காமல் திரட்டியவர். உலகப் பொருளாதார மந்தம் வந்து வேலை சுருங்கியதும், 1930களில் மலையாளித் தொழிலாளர்களை வெளியேற்று என்று பிரசாரம் செய்தார். 1939இல் அரசுத் துறைகளில் தினக்கூலிகளாக இருந்த இந்தியர்களை வேலைநீக்கம் செய்தது இலங்கை அரசு. பதிலுக்கு இந்தியா, உடலுழைப்புத் தொழிலாளர்கள் இலங்கைக்குப் போவதை 1939 ஆகஸ்டில் தடைசெய்தது. அதாவது, புதிதாக ஆள் வருவது அன்றே நின்றுவிட்டது. அதற்குப் பிறகு நடந்த சண்டை முழுக்க, ஏற்கெனவே அங்கே இருந்தவர்களைப் பற்றியது. மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். குடியேற்றச் சண்டை என்று பெயர் இருக்கும், குடியேற்றம் இருக்காது.

1946 கணக்கெடுப்பில் அவர்கள் சுமார் 7 லட்சத்து 80 ஆயிரம் பேர். மக்கள்தொகையில் 11.7 சதவீதம். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலைநாட்டுத் தொகுதிகளில் வென்றது. கவிஞர் சி.வி.வேலுப்பிள்ளை தலவாக்கலையிலிருந்து நாடாளுமன்றம் போனார். வேறு பல தொகுதிகளில் தோட்டத் தொழிலாளர்களின் ஓட்டு இடதுசாரி வேட்பாளர்களுக்குக் கைகொடுத்தது. டி.எஸ்.சேனநாயக்கவின் ஐக்கிய தேசியக் கட்சிக்கு 95இல் 42 இடம்தான் கிடைத்தது. அடுத்த வருடமே பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நாம் குடியுரிமை என்பதை அங்கே பிரஜாவுரிமை என்பார்கள். தகப்பன் இலங்கையில் பிறந்ததை, அல்லது பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததை நிரூபிக்க வேண்டும். பிறந்த குழந்தைக்குத் தோட்டத்துச் செக்ரோல் தவிர வேறு பதிவு தெரியாத மக்களிடம் பூட்டனின் பிறப்புக்குச் சான்று கேட்டார்கள். 1949இல் இன்னொரு சட்டம் ஓட்டைப் பறித்தது. பதிவு மூலம் உரிமை பெறலாம் என்று வந்த மூன்றாவது சட்டத்தின் கீழ் 8 லட்சத்து 24 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் போயின. கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. 1952 தேர்தலில் அந்தக் கட்சிக்கு 54 இடங்கள்.

சண்டையில் யார் எந்தப் பக்கம் நின்றார்கள்? லங்கா சமசமாஜக் கட்சியும் கம்யூனிஸ்டுக் கட்சியும் 1948இல் கடுமையாக எதிர்த்தன. என்.எம்.பெரேரா நாடாளுமன்றத்தில் எதிர்த்துப் பேசினார். யாழ்ப்பாணத்து ஜி.ஜி.பொன்னம்பலம் அதே ஆண்டு சேனநாயக்கவின் அமைச்சரவையில் சேர்ந்தார். அதைப் பொறுக்காமல் பிரிந்த செல்வநாயகம் 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். இதை எல்லோரும் சொல்வார்கள். நான் கேட்பது வேறு. நாட்டுக்குப் பாரம் என்று சொல்லி உரிமையைப் பறித்த அரசு, எந்தத் தோட்டத்தை மூடியது? எந்த மலையில் கொழுந்தெடுப்பதை நிறுத்தியது? ஒன்றையும் இல்லை. சட்டம் வந்த மறுநாள் காலையிலும் பிரட்டுத் தப்பு அடித்தது, ஆட்கள் மலைக்கு ஏறினார்கள். செடியிலிருந்து ஒரு கையைக்கூட அந்தச் சட்டம் எடுக்கவில்லை. ஓட்டுப் பெட்டியிலிருந்துதான் எடுத்தது. ஓட்டில்லாத தொழிலாளி கூலி உயர்வு கேட்டால் அமைச்சர் காதுகொடுக்க வேண்டியதில்லை. பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த கூலி என்ற ஏற்பாடு தோட்டங்களில் 1984 வரை நீடித்தது. உரிமை இல்லாத உழைப்பு மலிவான உழைப்பு. தோட்ட முதலாளிக்கும் ஆளுங்கட்சிக்கும் இந்த இடத்தில் எந்தக் கருத்து வேறுபாடும் இல்லை.

சரி, பாரம் என்றார்களே, அந்தக் கணக்கைப் பார்ப்போம். 1950களில் இலங்கையின் ஏற்றுமதி வருவாயில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தேயிலை, ரப்பர், தென்னை மூன்றிலிருந்து வந்தது. அதில் பெரும்பங்கு தேயிலைக்கு. அந்த அந்நியச் செலாவணியில்தான் அரிசி இறக்குமதியானது. தேயிலை ஏற்றுமதித் தீர்வை அரசின் முக்கிய வருமானம். மலிவு விலை அரிசி, இலவசக் கல்வி, இலவச மருத்துவம் என்று தெற்காசியாவே பாராட்டும் இலங்கையின் மக்கள்நல அரசு அந்தப் பணத்தில் எழுந்தது. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பள்ளிகள் அதில் சேர்க்கப்படவில்லை. கம்பெனி நடத்திய ஓரறைப் பள்ளியில்தான் பிள்ளைகள் படித்தார்கள். அரசு அவற்றை ஏற்றது 1970களில்தான். யார் பணத்தில் யார் படித்தார்கள் என்று இப்போது சொல்லுங்கள். வந்தவர்களால் நாட்டுக்குச் செலவு என்று எந்தக் கட்சி சொன்னாலும், அவர்கள் கட்டிய வரியிலிருந்து அவர்களுக்கு எவ்வளவு திரும்பி வந்தது என்று பதில் கேள்வி கேளுங்கள். சேரிக்கும் ஊருக்கும் இடையே நமக்கு நன்றாகப் பழக்கமான கணக்குதான் இது.

1964 அக்டோபர் 30. சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால்பகதூர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். நாடற்றவர்கள் 9 லட்சத்து 75 ஆயிரம். இந்தியாவுக்கு 5 லட்சத்து 25 ஆயிரம், இலங்கைக்கு 3 லட்சம். மிச்சமிருந்த ஒன்றரை லட்சத்தை 1974இல் இந்திராவும் சிறிமாவோவும் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பங்காளிகள் மாடு பிரிப்பதுபோல. அந்த மக்களிடம் யாரும் கேட்கவில்லை. 1964 ஒப்பந்தத்தின்போது சிறிமாவோ அரசின் நிதியமைச்சர் யார் தெரியுமா? 1948இல் எதிர்த்த அதே என்.எம்.பெரேரா. சமசமாஜக் கட்சி ஜூன் மாதம் அந்தக் கூட்டணியில் சேர்ந்திருந்தது. மறுபக்கம், 1948இல் பறித்த ஐக்கிய தேசியக் கட்சிதான் 1988இல், குடியரசுத் தலைவர் தேர்தல் நெருங்கியபோது, மிச்சமிருந்த நாடற்றவர்களுக்கு உரிமை தரும் சட்டம் கொண்டுவந்தது. ஓட்டு பயமாக இருந்தபோது பறித்தார்கள், தேவைப்பட்டபோது கொடுத்தார்கள். இடதுசாரித் தோழர்கள் இங்கே இருக்கிறீர்கள். உங்கள் மனம் புண்படும் என்பதற்காக இதை நான் விட்டுவிட முடியாது. ரோகண விஜேவீரவின் மக்கள் விடுதலை முன்னணி தன் இளைஞர்களுக்கு எடுத்த ஐந்து வகுப்புகளில் ஒன்று ‘இந்திய விஸ்தரிப்புவாதம்’. அந்தப் பாடத்தில் கொழுந்து பறித்தவர்கள் தொழிலாளி வர்க்கமாகவே தென்படவில்லை, டெல்லியின் ஆட்களாகத் தெரிந்தார்கள்.

லட்சக்கணக்கானோரைக் கப்பலேற்றியதால் சிங்கள இளைஞருக்கு வேலை கிடைத்ததா? 1971இல் துப்பாக்கி எடுத்தவர்கள் படித்துவிட்டு வேலையில்லாமல் இருந்த கிராமத்துப் பிள்ளைகள். அவர்கள் கேட்டது எழுத்தர் வேலை, ஆசிரியர் வேலை. கூடை கட்டிக்கொண்டு மழையில் மலையேறும் வேலையை அவர்கள் கேட்கவில்லை. தேயிலை உற்பத்தி 1965இல் 22 கோடி கிலோவைத் தாண்டியிருந்தது. 1980இல் 20 கோடிக்குக் கீழே இறங்கியது. இதற்கு ஆள் போனது மட்டும் காரணம் என்று சொல்லமாட்டேன். பழைய செடியைப் பிடுங்கிப் புதிது நடாமல் விட்டது, விலை வீழ்ச்சி, 1970களில் தோட்டங்களை அரசு எடுத்தபின் நடந்த நிர்வாகச் சீர்கேடு எல்லாம் சேர்ந்தது. ஆனால் ‘அவர்கள் போனால் நாம் செழிப்போம்’ என்ற வாக்குறுதி எங்கே நிறைவேறியது என்று காட்டுங்கள். 1973, 74இல் தோட்டங்களில் பட்டினிச் சாவு விழுந்தது. தப்பி வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போனவர்கள் அங்கே வடக்குத் தமிழ் நிலவுடைமையாளர்களின் வயலில் கூலியானார்கள். தமிழர் மண்ணிலும் அவர்கள் கூலிதான்.

இந்தக் கரைக்கு வந்தவர்களின் கதை உங்களுக்குத் தெரியும். தலைமன்னாரிலிருந்து கப்பல், மண்டபம் முகாம், அப்புறம் நீலகிரி, வால்பாறை. 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் தோட்டங்களில், டேன்டீயில், வேலை கிடைத்தவர்கள் பாக்கியவான்கள். கொடைக்கானல் மலைக்காடுகளில் கொத்தடிமையாகக் கிடந்து மீட்கப்பட்டவர்களும் உண்டு. முதுகலை ஆய்வுக்காக நான் கோத்தகிரிப் பக்கம் லயங்களில் சில வாரம் தங்கியிருந்தேன். ஒரு மூத்த அம்மா தகரப் பெட்டியிலிருந்து குடும்ப அட்டையை எடுத்துக் காட்டினார். கண்டியில் இந்தியத் தூதரகம் கொடுத்தது. “அங்க கள்ளத்தோணின்னானுக. இங்க சிலோன்காரின்றானுக. நான் எந்த ஊருக்காரின்னு நீயாச்சும் எழுது சாமி” என்றார். பேரனுக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் வாங்க வேண்டும். அலுவலகத்தில் பாட்டனின் சொந்தக் கிராமத்திலிருந்து ஆதாரம் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். இலங்கை கேட்ட அதே பூட்டன் கணக்கை இங்கே நம் வருவாய்த்துறை கேட்கிறது. ஊரில் தீண்டாதவன் என்று அடித்துத் துரத்தியதற்கு யார் ரசீது கொடுத்தார்கள்?

போர்க்காலத்தில் அகதிகளாக வந்து முகாம்களில் இருப்பவர்களிலும் ஆயிரக்கணக்கானோர் மலையகத்தார்தான். 2019 ஜூனில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அப்படிப்பட்ட 65 பேரின் குடியுரிமைக் கோரிக்கையைப் பரிசீலிக்கச் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றும் இருந்தன, இலங்கை இல்லை. முஸ்லிம்களையும் இவர்களையும் ஒரே சட்டம் வெளியே நிறுத்தியது. திமுக எதிர்த்து ஓட்டுப்போட்டது, அதிமுக ஆதரித்து ஓட்டுப்போட்டது. முகாமில் பிறந்து முகாமில் கல்யாணம் முடித்து முகாமில் பிள்ளை பெற்றவர்கள் இன்னும் ‘வெளிநாட்டவர்’.

கடைசியாக ஒன்று. இதைக் கேட்டு நீங்கள் கோபப்பட்டாலும் பரவாயில்லை. ‘வடக்கன் வந்து நம்ம வேலையைப் பிடுங்கிட்டான்’ என்ற பேச்சு நம் கூட்டங்களிலும் கேட்கிறது. அவர்கள் வெளிநாட்டவர் இல்லை, அரசியல் சட்டப்படி எங்கும் போய் உழைக்கும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஆனாலும் பேச்சு அதே குணசிங்கவின் பேச்சு. 2023 மார்ச்சில், பீகார் தொழிலாளர்களை இங்கே கொல்கிறார்கள் என்று போலி வீடியோக்கள் பரவின. பாட்னாவில் சட்டமன்றத்தில் கட்சிகள் மோதிக்கொண்டன, அங்கிருந்து அதிகாரிகள் குழு வந்தது. திருப்பூர் முதலாளிகளுக்குத் தறியும் தையல் எந்திரமும் நின்றுவிடுமே என்று பதற்றம். யாருக்கும் அந்தத் தொழிலாளியின் கூலி நினைவுக்கு வரவில்லை. பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து கட்டடத்துக்கும் சூளைக்கும் வருகிறவர்களின் சாதியை நாம் கேட்டுப் பார்த்திருக்கிறோமா? நம் வாக்காளர் பட்டியலில் அவர்கள் பெயர் இல்லை. அங்கே பெயர் இருந்தும், தேர்தலன்று டிக்கெட் எடுத்து ஊர்போக முடியாதவர்கள் பலர். மேஸ்திரி கையில் அவர்கள் வாங்கிய முன்பணம், பழைய துண்டின் இன்றைய வடிவம். அவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியும் இந்தியில் அச்சிட்ட சங்க ரசீதும் கிடைக்கும்வரை நம் ஆட்களின் கூலியும் ஏறாது. எனவே இந்த மன்றத்துக்கு ஒரு வேலை சொல்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு இந்த ஊரின் செங்கல் சூளைகளிலிருந்து நான்கு பேரை அழைத்து மேடையேற்றுங்கள். மொழிபெயர்க்க ஒரு மாணவரை இப்போதே தேடத் தொடங்குங்கள்.