தற்காலிக அட்டவணை

புனேயில் வாழும் நம்மவருக்கு விநாயக சதுர்த்திப் பந்தல் புதிதன்று. விழா முடிந்ததும் அது பிரிக்கப்படும். ஹிஞ்சவடியில் கணினித் தொழில் புரியும் அன்பர்கள், 1970இல் எட்கர் காட் வகுத்த முறையைத் தழுவிய தரவுத்தளங்களில் அமைக்கும் தற்காலிக அட்டவணையும் அத்தகையதே. சம்பளக் கணக்கில் இடையே கிடைத்த விடையை அதில் இட்டுவைத்தால், மீண்டும் மீண்டும் கணக்கிட வேண்டுவதில்லை. போஸ்ட்கிரெஸ் தளத்தில் அது பிற இணைப்புகளுக்குப் புலனாகாது; தன் இணைப்பு முடிந்தால் மறையும்.

ஆயினும், இணைப்பை முடிக்காமலே அடுத்த வேலைக்குக் கைமாற்றுவது இன்று பெருவழக்கு. துடைக்காமல் மாற்றினால், முன்னவர் விட்ட சம்பள விவரம் பின்னவர் கணக்கினுள் புகுந்துவிடலாம். பந்தல் தானே பிரியும் என்றிருத்தல் தகாது. வேலை முடிந்ததும் நாமே கட்டளையிட்டு நீக்குதல் நன்று. மற்றொன்று: இவ்வட்டவணையின் புள்ளிவிவரத்தை அத்தளம் தானே திரட்டாது. நிரப்பியவுடன் ‘அனலைஸ்’ கட்டளை இடாவிடில், எளிய வினாவும் ஆமைபோல் நகரக்கூடும்.