குறையின்மையும் நிறைவும்

குறையே இல்லாத மனிதன் உலகில் உண்டா என்னும் கேள்வி மிகப் பழையது. அதைப் புத்தகங்களின் துணைகொண்டு ஆராய்ந்தவர் பலர். நான் இன்று அதனை ஓர் ஊரின் துணைகொண்டு ஆராய விரும்புகிறேன். அவ்வூர் ஸ்ரீபெரும்புதூர்.

இவ்வூருக்கு இரண்டு பெருமைகள் உண்டு. 1017ஆம் ஆண்டில் இராமாநுசர் பிறந்த தலம் என்று மரபு போற்றுவது ஒன்று. மற்றொன்று நம் காலத்தில் வந்தது. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998இல் ஹூண்டாய் நிறுவனத்தின் முதல் கார் வெளிவந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ, நிசான் நிறுவனங்களின் கூட்டுத் தொழிற்சாலை தொடங்கியது. ஏரிப் பாசனமும் நெல்வயலுமாக இருந்த இப்பகுதியில் இன்று காரும் லாரியும் மோட்டார் சைக்கிளும் கைப்பேசியும் உருவாகின்றன. இங்கே அன்றாடம் ஒலிக்கும் மந்திரம் ‘குறையின்மை’ என்பதாகும்.

அந்தக் குறையின்மையை எவ்வாறு அளக்கிறார்கள்? 1980களில் அமெரிக்காவின் மோட்டோரோலா நிறுவனத்தில் தோன்றிய ‘சிக்ஸ் சிக்மா’ என்னும் முறை, தவறு நேரக்கூடிய பத்து லட்சம் வாய்ப்புகளில் 3.4க்கு மேல் தவறு கூடாது என்று இலக்கு வைக்கிறது. மலைக்க வைக்கும் கண்டிப்பு இது! ஆயினும் அத்தகைய கண்டிப்பிலும் ஓர் இளக்கம் உண்டு. ஓர் இரும்புத் தண்டின் விட்டம் 20 மில்லிமீட்டர் என்று வரைபடம் கூறுமானால், இம்மியளவு கூடலாம், இம்மியளவு குறையலாம் என்று அதன் அருகிலேயே குறித்திருப்பார்கள். இதனை ‘டாலரன்ஸ்’ என்று தொழிலாளர் வழங்குவர். பொறுத்துக்கொள்ளும் அளவு என்று நாம் சொல்லலாம். அணுவும் பிசகாத 20 மில்லிமீட்டர் தண்டு எந்தத் தொழிற்சாலையிலும் கிடையாது. பக்கத்து உறுப்போடு பொருந்தி, தன் வேலையை ஒழுங்காகச் செய்தால் அத்தண்டு நல்ல தண்டே.

இரும்புக்குக் காட்டும் இந்தப் பொறுமையை மனிதனுக்குக் காட்டுகிறோமா? இரும்புக்கு ஒரு வரைபடம் உண்டு. மனிதனுக்கு வரைபடம் எழுதியவர் யார்? திருவண்ணாமலையிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும், வடநாட்டுச் சிற்றூர்களிலிருந்தும் இருபது வயதுப் பிள்ளைகள் இங்கே வேலைக்கு வருகிறார்கள். பொழுதெல்லாம் பொருளைச் சோதித்து, ‘இது ஆகும், இது ஆகாது’ என்று பிரிக்கும் இடத்தில் வாழ்கிறவனுக்கு, அதே கோலால் தன்னையும் அளந்து பார்க்கும் பழக்கம் எளிதில் வந்துவிடும். ஒப்பந்தம் முடிந்து வீடு திரும்பும் இளைஞன், ‘நான் தள்ளுபடியான சரக்கு’ என்று எண்ணத் தலைப்படுவானாகில், அதைவிடக் கொடிய நஷ்டம் வேறில்லை.

நம் மொழி இங்கே நமக்குக் கைகொடுக்கிறது. முழுமை பெற்ற மனிதனைத் தமிழர் ‘சான்றோன்’ என்றனர். சால்பு என்றால் நிறைவு. குடத்தில் கீறல் இருக்கிறதா என்று பார்ப்பது ஒரு பார்வை. குடத்தில் நீர் இருக்கிறதா என்று பார்ப்பது மற்றொரு பார்வை. சான்றோன் என்னும் சொல் இரண்டாவது பார்வையில் பிறந்தது. திருவள்ளுவர் சான்றாண்மை என்று ஓர் அதிகாரமே வகுத்து, அன்பு, நாண், ஒப்புரவு, கண்ணோட்டம், வாய்மை என்னும் ஐந்தையும் அதன் தூண்களாகக் காட்டுகிறார். இவற்றைச் சற்றே எண்ணிப் பாருங்கள். தவறவே முடியாதவனுக்கு நாண் எதற்கு? பிறர் எவரும் தவறாத உலகில் கண்ணோட்டத்துக்கு ஏது வேலை? குறையுள்ள மனிதர் நடுவே, குறையுள்ள மனிதன் வாழ்ந்து நிரம்புவதையே வள்ளுவர் சால்பு என்றார் என்பது என் கருத்து.

அந்தச் சால்பைச் சோதிக்க ஓர் உரைகல்லும் தருகிறார். தமக்கு நிகரல்லாதவரிடத்தும் தோல்வியை ஒப்புக்கொள்வதே அது. இராமாநுசர் வரலாற்றை இங்கே நினைக்கலாம். வேதாந்தம் கற்றுத் தேர்ந்த அவர், வேறு குலத்தில் பிறந்தவரும், காஞ்சியில் வரதராசருக்கு ஆலவட்டம் வீசித் தொண்டு செய்தவருமான திருக்கச்சி நம்பியைத் தம் குருவாகக் கொள்ள விழைந்தார். அவர் உண்ட மிச்சத்தை உண்ணவும் விரும்பினார் என்று குருபரம்பரை நூல்கள் கூறுகின்றன. நம்பியோ ஸ்ரீபெரும்புதூருக்கு அடுத்துள்ள பூவிருந்தவல்லியில் பிறந்தவர். தமக்கு இன்னும் ஒன்று குறைகிறது, அது இவரிடம் இருக்கிறது என்று கண்ட அந்தக் கண்ணே நிறைவின் அடையாளம்.

இந்த உரைகல் இயந்திர உலகுக்கும் புதிதன்று. ஜப்பானில் சகிச்சி டொயோடா என்பவர் 1924இல் முழுமைப்படுத்திய தறி, நூல் அறுந்தால் தானே நின்றுவிடும். அறுந்ததை மறைத்துக்கொண்டு ஓடாது. அவர் மரபில் வந்த கார்த் தொழிற்சாலையில், பிழையைக் கண்ட தொழிலாளி ஒரு கயிற்றை இழுத்து உற்பத்தி வரிசையையே நிறுத்தலாம் என்னும் வழக்கம் ஏற்பட்டது. கயிற்றை இழுக்கத் தொழிலாளிக்குத் துணிவு வேண்டும். அவன் சொல்லுக்குப் பணிய மேலாளருக்குச் சால்பு வேண்டும். நம் காஞ்சிபுரத்து நெசவாளரும் பாவு நூல் அறுந்தால் தறியை நிறுத்தி, முடிந்து, மேலே நெய்கிறார். அந்த முடிச்சால் பட்டின் மதிப்புக் குறைவதில்லை.

நிறுத்திக் கேட்கும் இந்தப் பண்பு இல்லாவிடில் என்ன நேரும் என்பதற்கும் இவ்வட்டாரத்தில் சான்று உண்டு. 2021 டிசம்பரில், கைப்பேசித் தொழிற்சாலை ஒன்றின் பெண் தொழிலாளர்கள் தங்கியிருந்த விடுதியில் உணவு நஞ்சாகி, நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். தோழியர் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் வந்து அமர்ந்தனர். ஆலை சில வாரங்கள் மூடிக் கிடந்தது. கண்ணாடித் திரையில் ஒரு தூசிக்கும் இடம் கொடாத கண்டிப்பு, அத்திரையைப் பொருத்திய பெண்ணின் சோற்றுத் தட்டு வரையில் எட்டவில்லை. அந்த மகளிர் இழுத்ததும் ஒரு கயிறுதான். அறுந்த நூலை அவர்கள் ஊரறியக் காட்டினார்கள்.

ஆகவே குறையற்ற மனிதனைத் தேடி அலைய வேண்டுவதில்லை. தன் குறையை மறைக்காதவன், பிறர் சுட்டினால் நிற்கத் தெரிந்தவன், அண்டை மனிதனின் பிசகுக்குச் சிறிது இடம் விட்டு அவனோடு பொருந்தி வாழ்பவன், இவனே நம் முன்னோர் கண்ட நிறைமனிதன். பொருளுக்குக் குறையின்மையைக் கேளுங்கள், தவறில்லை. அதைச் செய்கிறவரிடம் நிறைவைத் தேடுங்கள். அது வளர, உணவும் உறக்கமும் மதிப்பும் அவருக்குக் குறைவின்றிக் கிடைக்கச் செய்வது நம் கடமை.