சான்றோடு கற்பிப்போம்



திருமலைக்கு ஏறும் படிப்பாதை தொடங்குகிற அலிபிரி அடிவாரத்தில் நாம் கூடியிருக்கிறோம். சித்தூர், திருப்பதி மாவட்டங்களின் தெலுங்கு வழி, தமிழ் வழிப் பள்ளிகளிலிருந்தும், எல்லைக்குத் தெற்கே திருத்தணி, வேலூர்ப் பகுதிகளிலிருந்தும் ஆசிரியர்கள் வந்திருக்கிறீர்கள். இந்த அவைக்குத் தலைமை ஏற்கும் பொறுப்பை எனக்கு அளித்த அமைப்பாளர்களுக்கு நன்றி. அரசுப் பள்ளியில் வரலாறு கற்பிப்பதன் இடர்ப்பாடுகள் பலவற்றை அமர்வுகளில் பேசவிருக்கிறீர்கள். எல்லாவற்றுக்கும் அடியில் கிடப்பதாக நான் கருதும் ஒன்றை மட்டும் இந்த உரையில் எடுத்துக்கொள்கிறேன். நம் மாணவருக்கு நாம் முடிவுகளைச் சொல்கிறோம். அந்த முடிவுகளுக்கு எப்படி வந்தோம் என்பதைக் காட்டுவதில்லை. இந்தக் குறை தீராதவரை, பாடநூலை எத்தனை முறை திருத்தினாலும் வரலாறு மனப்பாடப் பாடமாகவே இருக்கும்.

வரலாற்றுப் பாடம் பற்றிப் பொதுவெளியில் நடக்கும் சண்டை பெரும்பாலும் எதைச் சேர்ப்பது, எதை நீக்குவது என்பதைச் சுற்றியே நடக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு நூலிலிருந்து முகலாய அரசவை பற்றிய இயலை என்.சி.இ.ஆர்.டி. நீக்கியது; 2023-இல் புதிய அச்சு வந்தபோது நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. 2024-இல் ஆறாம் வகுப்பில் வரலாறு, புவியியல், குடிமையியல் மூன்றும் ஒரே நூலாயின, அதுவும் விவாதமாயிற்று. தமிழ்நாட்டில் கீழடி அகழாய்வுத் தலத்தின் காலம் பற்றிய கருத்து வேறுபாடு அரசியல் மேடை வரை ஏறியது. இவை அற்பமான சண்டைகள் அல்ல. எந்த மக்களின் கதை நூலில் இடம்பெறுகிறது என்பது நியாயம் சார்ந்த கேள்வி. ஆனால் சண்டையிடும் இரு தரப்பும் ஒன்றில் உடன்படுகின்றன: அச்சில் வருவதை மாணவர் அப்படியே ஏற்றுக்கொள்வார் என்று இருவரும் நம்புகிறார்கள். கீழடியின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு என்று தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019-இல் அறிவித்தது. அது கரிமப் பகுப்பாய்விலிருந்து கிடைத்த முடிவு. எந்த மண்ணடுக்கில் கிடைத்த கரி, அதை எங்கே சோதித்தார்கள், ஏன் சிலர் ஐயம் எழுப்புகிறார்கள் என்று கேட்கக் கற்ற மாணவரை எந்த அரசும் எளிதில் ஏமாற்ற முடியாது. ஆண்டை மட்டும் மனப்பாடம் செய்தவர், அடுத்த அரசு வேறோர் ஆண்டை அச்சிட்டால் அதையும் மனப்பாடம் செய்வார்.

இந்த நிலைக்கு ஆசிரியரைக் குறைசொல்வது நியாயமாகாது. பள்ளி அமைப்பே இப்படிக் கற்பிக்க அவரைத் தள்ளுகிறது. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் சமூக அறிவியல் ஒரே தாள். அந்தத் தாளை வரலாறு, புவியியல், அரசியல், பொருளியல் நான்கும் பங்கிட்டுக்கொள்கின்றன. டி.எஸ்.சி. எனும் ஆசிரியர் நியமனத் தேர்வெழுதிச் சமூக அறிவியல் கற்பிக்க வரும் ஆசிரியர் பட்டப்படிப்பில் பொருளியலோ அரசியல் அறிவியலோ படித்தவராக இருக்கலாம். மூல ஆவணம் ஒன்றைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு அவருக்கே கிடைத்திருக்காது. அண்மை ஆண்டுகளில் ஆந்திர அரசுப் பள்ளிகளின் மேல் வகுப்புகள் என்.சி.இ.ஆர்.டி. பாடத்திட்டத்தை ஒட்டி நகர்ந்திருக்கின்றன. ஆகவே பிரெஞ்சுப் புரட்சியும், ஜெர்மனியில் நாஜிகளின் எழுச்சியும், பஸ்தரின் காடுகளும், ஐரோப்பிய தேசியமும் நம் வகுப்பறைக்கு வருகின்றன. அவை தேவையான பாடங்கள். ஆனால் வகுப்பறையிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் விஜயநகர அரசர்களின் பிற்காலத் தலைநகரான சந்திரகிரியின் கோட்டை அங்கே வருவதில்லை.

இதற்கு மாற்று இல்லை என்பதும் இல்லை. மத்தியப் பிரதேசத்தில் ஏகலவ்யா அமைப்பு 1980களிலேயே சமூக அறிவியலை உரையாடலாகவும் விசாரணையாகவும் கற்பிக்கும் நூல்களை உருவாக்கிச் சில அரசுப் பள்ளிகளில் நடத்திக்காட்டியது. 2005-இன் தேசியக் கலைத்திட்டச் சட்டகம் அந்த வழியை நாட்டுக்கே பரிந்துரைத்தது. அதையொட்டி எழுதப்பட்ட என்.சி.இ.ஆர்.டி. வரலாற்று நூல்களில் மூல ஆவணங்களின் பகுதிகள் தனிப் பெட்டிகளில் தரப்பட்டன. பிரிவினைக்கு முந்தைய ஆந்திரமும் 2011-இல் தன் மாநிலச் சட்டகத்தை வகுத்து, அந்த உணர்வில் சமூகப் பாட நூல்களை எழுதியது. நூல் மாறியது; ஆனால் நூல் எழுப்பிய திறந்த கேள்விகளுக்கும் ஆயத்த விடைகளைக் கைடுகள் அச்சிட்டுத் தந்துவிட்டன. தேர்வில் கேட்கப்படாத பெட்டியை வகுப்பில் தாண்டிப் போவது வழக்கமாயிற்று. நல்ல நூல் மட்டும் போதாது என்பதை இந்த அனுபவம் தெளிவாகக் காட்டுகிறது. தேர்வும் பயிற்சியும் கூடவே மாற வேண்டும்.

சான்று என்று நான் சொல்வது எது என்பதை இந்த ஊரை வைத்தே விளக்குகிறேன். திருமலை, திருப்பதிக் கோயில்களின் கல்வெட்டுகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை; அவற்றில் பெரும்பான்மை தமிழ்க் கல்வெட்டுகள். கல்வெட்டு அறிஞர் சாது சுப்பிரமணிய சாஸ்திரி போன்றோரின் உழைப்பால் திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1930களில் அவற்றை ஆறு தொகுதிகளாக வெளியிட்டது. அவற்றுள் புகழ்பெற்றது, பல்லவர் குடியைச் சேர்ந்த சாமவை என்ற அரசி வெள்ளித் திருமேனி ஒன்றை அளித்து, அதன் பூசைக்கும் விழாவுக்கும் நிலம் ஏற்படுத்திய செய்தியைச் சொல்லும் கல்வெட்டு. சில பழைய நூல்கள் அதன் காலத்தை 614 என்கின்றன. இன்று பரவலாக ஏற்கப்படுவது 966. முந்நூற்றைம்பது ஆண்டு இடைவெளி எப்படி வந்தது? கல்வெட்டில் சக ஆண்டு இல்லை. ஒரு மன்னனின் 14-ஆம் ஆட்சியாண்டு என்று மட்டும் இருக்கிறது. அந்த மன்னனை ஏழாம் நூற்றாண்டின் மகேந்திரவர்மனாகக் கொண்டால் ஓர் ஆண்டு கிடைக்கும்; பத்தாம் நூற்றாண்டின் பார்த்திவேந்திரவர்மனாகக் கொண்டால் வேறோர் ஆண்டு கிடைக்கும். எழுத்தின் வடிவம் எந்தக் காலத்தைச் சேர்ந்தது என்று பார்த்துத் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. ஒரே பாடவேளையில், எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் வரலாற்றாசிரியரின் வேலை முழுவதையும் இங்கே பார்த்துவிட முடியும். ஒரு பெண் தன் பெயரில் கொடை அளித்தாள், நிலம் ஏற்படுத்தினாள் என்ற சமூகச் செய்தியும் அதோடு சேர்ந்தே வருகிறது.

இன்னும் இரண்டு சான்றுகள். கிருஷ்ணதேவராயர் 1513 முதல் 1521 வரை ஏழு முறை திருமலைக்கு வந்தார். அவருடைய கொடைகள் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் பொறிக்கப்பட்டன. ஓர் அரசன் ஏன் மூன்று மொழிகளில் எழுதுவித்தான் என்ற கேள்வி விஜயநகரப் பேரரசின் இயல்பையே திறந்து காட்டும். அடுத்தது பொருளியல். கோயிலுக்கு வந்த பணம், கோயிலுக்குக் கிடைத்த கிராமங்களின் ஏரி, கால்வாய்ப் பணிகளில் முதலீடாயிற்று. விளைச்சல் பெருகி, அந்த வருவாயில் படையல்கள் நடந்தன. இக்கல்வெட்டுகளைக் கொண்டே இதை வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டைன் 1960-இல் எழுதிய கட்டுரையில் நிறுவினார். மழைக்கு ஏங்கும் ராயலசீமைப் பிள்ளைக்கு, தன் ஊர் ஏரிக்கும் மலைமேல் கோயிலுக்கும் இருந்த தொடர்பைவிட நெருக்கமான வரலாறு வேறு எது?

சான்றோடு கற்பிப்பதற்கு எழும் மறுப்புகளை நான் அறிவேன். அவற்றுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். முதல் மறுப்பு, பிள்ளைகளால் முடியாது என்பது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் பலர் இரண்டாம் வகுப்புப் பாடத்தையே தடுமாறி வாசிக்கிறார்கள் என்று பள்ளிப் பிள்ளைகளின் கற்றல் நிலையை ஆராயும் அசர் அறிக்கைகள் தொடர்ந்து சொல்கின்றன. அவர்களிடம் கல்வெட்டை நீட்டுவதா என்று கேட்கிறார்கள். வாசிப்புக் குறை உண்மை. ஆனால் பத்துப் பக்க இயலைவிட, ஆசிரியர் உரக்கப் படித்து இன்றைய மொழியில் விளக்கிச் சொல்லும் பத்து வரிச் சான்று தடுமாறும் பிள்ளைக்கு எளிது. யார் கொடுத்தார், யாருக்கு, எதற்காக, எழுதியவர் எதைச் சொல்லாமல் விட்டார் என்ற கேள்விகளுக்கு வாய்மொழியாகவே விடை சொல்லலாம். இங்கிலாந்தில் 1972-இல் தொடங்கிய பள்ளி வரலாற்றுத் திட்டம் 13 முதல் 16 வயது மாணவருக்கு இதைச் செய்து பார்த்தது; உள்ளூர் வரலாற்றிடங்களைச் சென்று ஆராய்வதும் அதில் ஒரு பகுதி. 1980-இல் டெனிஸ் ஷெமில்ட் வெளியிட்ட மதிப்பீடு, சான்று, காரணம், மாற்றம் ஆகியவற்றைப் புரிந்துகொள்வதில் அத்திட்ட மாணவர்கள் மற்றவர்களைவிட முன்னே இருந்ததைக் காட்டியது.

இரண்டாவது மறுப்பு, நேரம். பாடப்பகுதி முடிய வேண்டுமே என்கிறார்கள். ஒவ்வோர் இயலையும் சான்றோடு நடத்த முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்பது ஆண்டுக்கு மூன்று அல்லது நான்கு சான்றுகள். மற்றவற்றைச் சுருக்கமாகக் கதையாகவே சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். காலவரிசை தெரியாதவருக்குச் சான்று எதையும் சொல்லாது. ஆனால் ஒரு முடிவு எப்படி எட்டப்பட்டது என்பதை ஆண்டுக்கு மூன்று முறை முழுதாகக் கண்ட மாணவர், மற்ற இயல்களையும் வேறு கண்ணோடு படிப்பார்.

மூன்றாவது மறுப்பு நம்பிக்கை சார்ந்தது. இந்த ஊரில் அதைத் தள்ளிவிட்டுப் பேச முடியாது. புனிதத் தலத்தின் கல்வெட்டை விசாரணைக்கு உட்படுத்துவது பக்தரின் மனத்தைப் புண்படுத்தாதா? கல்வெட்டுகளைப் படியெடுத்து, வரிசைப்படுத்தி, அச்சிட்டு உலகுக்குத் தந்தது தேவஸ்தானமேதான். அந்தப் பணியைச் செய்தவர்கள் பக்தியில் எவருக்கும் குறைந்தவர்கள் அல்லர். எந்த ஆண்டில், யார், எவ்வளவு கொடுத்தார் என்று ஆராய்வது இறைவனைப் பற்றிய கேள்வியே அல்ல. எந்தச் சமயத்தைச் சேர்ந்த மாணவரும் அச்சிட்ட கல்வெட்டுப் பாடத்தை வகுப்பறையில் வைத்துப் படிக்கலாம். தன் நிலத்தின் மரபில் பங்கு கோரலாம்.

நான்காவது மறுப்பே மிகக் கனமானது. உள்ளூர் வரலாறு குறுகிய பற்றை வளர்க்கும், பழைய புண்ணைக் கிளறும் என்று அஞ்சுகிறார்கள். அந்த அச்சத்துக்கு இந்த மண்ணில் காரணம் உண்டு. 1952 டிசம்பரில் பொட்டி ஸ்ரீராமுலு தனி ஆந்திர மாநிலம் கோரிச் சென்னையில் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார். 1953 அக்டோபர் 1-இல் ஆந்திர மாநிலம் பிறந்தது. தமிழர் தரப்பில் ம.பொ.சிவஞானம் திருப்பதி வரையுள்ள வட எல்லைக்காகப் போராடினார். எல்லைத் தகராறில் நடுவரான படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1-இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குச் சென்றது. திருப்பதியும் சித்தூரும் ஆந்திரத்தில் நின்றன. எல்லைக்கு வடக்கே ஒரு தியாகம் முதன்மை பெறுகிறது, தெற்கே இன்னொரு போராட்டம் முதன்மை பெறுகிறது. இரு தரப்புப் பிள்ளைகளும் பாதிக் கதையோடு வளர்கிறார்கள். புண் ஆறாமல் இருப்பதற்கு மௌனமும் ஒரு காரணம். இரு தரப்பின் கோரிக்கைகளையும், மக்கள்தொகைக் கணக்கின் மொழி விவரங்களையும், இறுதி உடன்பாட்டையும் அருகருகே வைத்துப் படித்தால், எல்லை என்பது மனிதர்கள் வாதிட்டு, விட்டுக்கொடுத்து வகுத்தது என்பது புரியும். மூன்று போர்களில் மோதிய பிரான்சும் ஜெர்மனியும் 2006-இல் இரு நாட்டு மாணவருக்கும் பொதுவான வரலாற்றுப் பாடநூலை வெளியிட்டன. ஒரே நாட்டின் இரு மாநிலங்களுக்கு அது இயலாதா?

தேச ஒற்றுமைக்குப் பொதுக் கதை ஒன்று வேண்டும் என்பாருக்கும் இதுவே என் விடை. பொதுக் கதை வேண்டும். சந்திரகிரியின் மாணவர், 1639-இல் ஆங்கிலேயருக்குச் சென்னையில் இடம் கிடைத்ததைத் தேச வரலாற்றில் படிக்கிறார். உரிமை எழுதித் தந்தவர் தாமர்ல வேங்கடாத்ரி நாயக்கர் என்பதும், 1645-இல் விஜயநகர அரசர் மூன்றாம் ஸ்ரீரங்கர் அதை உறுதிசெய்தார் என்பதும், கொடை நாள் ஜூலை 22-ஆ ஆகஸ்டு 22-ஆ என்று ஆய்வாளர் இன்றும் வாதிடுவதும் தெரிந்தால், பொதுக் கதை அவருக்கு அந்நியமாக இராது. தன் ஊர்க் கோட்டையின் வழியாகவே அவர் அதற்குள் நுழைவார்.

ஆகவே இந்த அவையின் முன் நான்கு வேண்டுகோள்களை வைக்கிறேன். தேவஸ்தானக் கல்வெட்டுத் தொகுதிகள், 1881-இல் காக்ஸ் எழுதிய வட ஆர்க்காடு மாவட்டக் கையேடு, சந்திரகிரி, குடிமல்லம் சார்ந்த சான்றுகள் ஆகியவற்றிலிருந்து ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரைக்கான சிறு தொகுப்பைத் தெலுங்கிலும் தமிழிலும் உருவாக்க வேண்டும். கார்வேட்டிநகரத்து மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனமான டயட்டில், மற்றப் பாடங்களில் பட்டம் பெற்ற சமூக அறிவியல் ஆசிரியருக்கும் சான்றைக் கையாளப் பயிற்சி தர வேண்டும். பத்தாம் வகுப்புத் தாளில், முன்பின் பார்த்திராத ஒரு சான்றின் மீது ஒரு கேள்வியாவது கேட்கப்பட வேண்டும். இத்தகைய விடைகளைத் திருத்தி மதிப்பிட முடியாது என்பது பொருந்தாது; சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுத் தாளில் சான்றுக் கேள்விகள் இருக்கின்றன, திருத்தவும் படுகின்றன. நான்காவதாக, எல்லைப் பிரிவினை பற்றிய பொதுப் பாடம் ஒன்றை இரு மாநில ஆசிரியரும் சேர்ந்து எழுத வேண்டும். அண்டை மாநிலங்களின் ஒத்துழைப்போடு 1997-இல் தொடங்கிய குப்பம் திராவிடப் பல்கலைக்கழகம் அதற்குத் தகுந்த இடம்.

நான்கில் தேர்வு மாற்றம் ஒன்றுக்குத்தான் அரசின் ஆணை தேவை. மற்ற மூன்றையும் இங்கே அமர்ந்திருப்பவர்கள் இந்தக் கல்வியாண்டிலேயே தொடங்கலாம். வசதியுள்ள வீட்டுப் பிள்ளை பள்ளி தராததை நூலகத்திலும் பயணத்திலும் தேடிக்கொள்வார். அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு நாம் தருவதுதான் உண்டு. சான்றைக் கேட்டுப் பழகிய குடிமக்களாக அவர்களை வளர்ப்பது ஜனநாயகத்துக்கு நாம் செய்யும் தொண்டு. அமர்வுகள் முடியும்போது தொகுப்பில் இடம்பெற வேண்டிய முதற் சான்றுகளின் பட்டியல் நம் கையில் இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, இந்தக் கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.