பிரித்தவர் வலியர், சேர்ப்பவர் பெரியர்

(ஊர்த் தமிழ்மன்றத்தில் ஆற்றிய பொழிவின் எழுத்துவடிவம்)

 

தாயைப் பிரிந்த பிள்ளையைத் தாயிடம் சேர்த்தல் என்பதே இன்று யான் எடுத்துக்கொண்ட பொருள். நிகழ்ந்த இடம் அமெரிக்க நாட்டின் தென்னெல்லை. ‘எங்கோ நிகழ்ந்தது, நமக்கென்ன?’ என்பார் இருக்கலாம். அழும் பிள்ளை எந்நாட்டுப் பிள்ளை என்று கேட்டுவிட்டா நாம் திரும்பிப் பார்க்கின்றோம்?

குவாத்தமாலா, ஒண்டுராசு முதலிய நடு அமெரிக்க நாடுகளினின்று, வறுமையாலும் கொலைக்கும்பல்கள்மேற் கொண்ட அச்சத்தாலும் வெளியேறிய குடும்பங்கள் அவ்வெல்லையை அடைந்தன. 2018 ஏப்பிரல் 6-ஆம் நாள், அந்நாட்டுத் தலைமை வழக்கறிஞர், இசைவின்றி எல்லை கடந்தாருள் ஒருவரையும் விடாது குற்றவழக்குத் தொடுக்குமாறு பணித்தார். முதன்முறை கடப்பார்க்கு ஆறு திங்களுக்கு மேற்படாத சிறை. அத்துணைச் சிறு குற்றமே அது. ஆயினும், பெற்றோரை வழக்குமன்றுக்கு இட்டுச் சென்றதும், அவர்தம் பிள்ளைகளைத் ‘துணையின்றி வந்த அயலார்’ என்றெழுதி, வேறோர் அமைச்சகத்தின் காப்பகங்கட்கு அனுப்பினர். தாய்மடியினின்று பறித்துவிட்டுத் ‘துணையிலி’ எனப் பெயரிடுவதா? சொல்லைக் கொண்டே உண்மையைக் கொல்லுதல் இதுதான்.

நம் இலக்கியத்திலும் பிரிவு உண்டு, பாலைத்திணையே அதற்குரியது. ஆனால் ஆங்குப் பிரிவோன் சென்ற வழி தெரியும். மீளும் பருவம் தெரியும். ஈங்கோ, தாய் எச்சிறையில் என்பதைப் பிள்ளை அறியாது. பிள்ளை எவ்வூரில் என்பதைத் தாய் அறியாள்.

நம்மூர் மிதிவண்டிக் காப்பிடத்தில், வண்டிக்கொரு சீட்டும் உடையவனுக்கொரு சீட்டும் ஒரே எண்ணிட்டுத் தருவர். அவ்வளவு கூட அவ்வரசு செய்யவில்லை. பிள்ளையையும் பெற்றோரையும் இணைத்துக் காட்டும் பொதுப் பதிவேடு அமைச்சகங்களிடை இல்லை. 2018 சூன் 26-ஆம் நாள், ஐந்தகவைக்குட்பட்ட பிள்ளைகளை 14 நாளிலும் ஏனையோரை 30 நாளிலும் பெற்றோரிடம் சேர்க்குமாறு சான் தியேகோ நடுவர் தேனா சபுரா ஆணையிட்டார். சிறைப்பட்டாரின் காசுக்கும் ஆவணத்துக்கும் ஊர்திக்கும் கணக்கு வைக்கும் அரசு, பிள்ளைகட்கு அவ்வாறு வைக்கவில்லையே என்று அவரே தம் ஆணையில் இடித்துரைத்தார்.

அரசு கைவிட்ட இவ்விடத்திற்றான் தொண்டர்கள் புகுந்தனர்.

தெக்சாசின் இரியோ கிரான்தே பள்ளத்தாக்கில் பெண்கள் சிலர் 2018-இல் ஒன்றுகூடித் தமக்கு இட்டுக்கொண்ட பெயர் ‘சினங்கொண்ட அத்தைமாரும் பாட்டிமாரும்’ என்பது. என்னே பெயர்! விடுவிக்கப்பெற்றுப் பேருந்து நிலையத்தில் திகைத்து நின்ற குடும்பங்கட்கு, உணவும் நீரும் தந்து, எங்கெங்கு வண்டி மாற வேண்டும் என்பதையும் விளக்கினர். ‘எனக்கு ஆங்கிலம் தெரியாது, எப்பேருந்தில் ஏற வேண்டும்?’ என்று வழியிற் பிறரிடம் காட்டுதற்குத் தாளெழுதித் தந்த தொண்டரும் உண்டு. பிணைத்தொகை திரட்டித் தாயரைச் சிறைமீட்டார் சிலர். மீண்ட தாயைக் கைமாற்றிக் கைமாற்றித் தம் ஊர்திகளிலேயே நாட்டின் மறுகோடிக்குக் கொண்டுபோய்ப் பிள்ளையிடம் சேர்த்தார் சிலர்.

இவற்றினும் அரிய பணி ஒன்றுண்டு. பெற்றோர் பலர் பிள்ளையின்றியே நாடு கடத்தப்பட்டிருந்தனர். 2020 அத்தோபரில், 545 பிள்ளைகளின் பெற்றோரை இன்னும் கண்டறியக் கூடவில்லை என்று வழக்குமன்றில் தெரிவிக்கப்பட்டது. ‘இயங்கும் நயன்மை’ எனப் பொருள்படும் பெயருடைய அமைப்பைச் சார்ந்த உரிமைக் காவலர்கள், மலையூர்களில் உந்துருளியிலும் கால்நடையாகவும் சென்று தேடினர். கையிலிருந்தவையோ பிழைபட எழுதிய பெயரும், பழைய ஊர்ப்பெயருமே. கும்பலுக்கஞ்சி ஒளிந்து வாழ்வார், தம்மைத் தேடிவரும் அயலாரை எளிதில் நம்புவரோ? முதலில் நம்பிக்கையைத் தேட வேண்டும். பின்னரே ஆளைத் தேடலாம். கொள்ளைநோய் பரவிய 2020-இல் அத்தேடலும் சிலகாலம் தடைப்பட்டது.

தமிழ்நெஞ்சங்களே! இங்கொன்றை நாம் ஊன்றி எண்ணல் வேண்டும். குவாத்தமாலா மலைவாழ் மக்களுள் பலர்க்குத் தாய்மொழி இசுபானியமன்று. மாம், கீச்சே முதலிய மாயன் மொழிகளே. ஆங்கில ஆவணத்தை இசுபானியத்தில் விளக்கினாலும் அவர்க்கு அது பிறமொழியே. விளங்காத மொழியில் நீட்டிய தாளிற் கையொப்பமிட்டுப் பிள்ளையை இழத்தல் எத்துணைக் கொடுமை! அம்மொழிகளை அறிந்த மொழிபெயர்ப்பாளர் முன்வந்து ஒரு சொல் பேசியபோதுதான், அவர்கள் மாந்தராக மதிக்கப்பெற்றனர். தாய்மொழியுரிமை மேடைச் சொல்லன்று. அது பிள்ளையைக் காக்கும் வேலி.

2023 திசம்பரில், இத்தகைய பிரிப்பை எட்டாண்டு தடுக்கும் உடன்பாட்டை அந்நடுவர் ஏற்றார். எனினும், 2024-ஆம் ஆண்டின் இறுதியிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பெற்றோருடன் சேர்ந்தனர் என்பது உறுதிப்படவில்லை. பிரித்தற்குச் சில திங்கள் போதியனவாயின. சேர்த்தற்கு ஆண்டுகள் பலவும் போதவில்லை.

இறுதியாக ஒன்று. நம்மூர்ப் பேருந்து நிலையத்தில் நம் மொழியறியாது பிள்ளையுடன் திகைத்து நிற்பாரைக் கண்டால், ஒதுங்கிச் செல்லாதீர்! நம் மொழி நமக்கு உயிரெனின், அவர் மொழி அவர்க்கு உயிரன்றோ? கையசைவாலேனும் வழிகாட்டுவீர்! தமிழ்ப்பற்று நம்மைச் சிறியராக்கவன்று, பெரியராக்கவே வந்தது.